பேண்டேஜ் நூலில் கட்டிய தூண்டில்

பயந்த சுபாவக்காரர்கள்தான் பெரிய விபத்துகளை உண்டாக்குகிறார்கள் என்பது என் முடிவு. தைரியசாலி ஒரு காரியத்தைச் செய்துவிட்டுப் போய்விடுவான். நாங்கள் முன்னேற்பாடு செய்வோம். வினை அங்கேதான் தொடங்கும்.

எண்பத்தெட்டில் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் பட்டறையில் இருந்தேன். படிப்பு எட்டாவதோடு சரி (அதுவே வாத்தியார் தயவு). அக்கா வீட்டுக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குப் பெண் பார்த்தார். பெயர் எஸ்தர். சர்ச்சில் தூரத்திலிருந்து பார்த்ததிலேயே எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவள் அப்பா பாதி ஆயுளைக் கப்பலில் கழித்தவர். கடலே இல்லாத ஊரில் வீட்டைக் கட்டிவிட்டு, மீன் பிடிக்கத் தூத்துக்குடிக்கு பஸ் ஏறுவார்.

அவர் பிடிப்பதே தனி முறை. புழு கிடையாது. தூண்டில் முள்ளில் கோழி இறகை நூலால் சுற்றிக் கட்டி, குட்டி மீன் போலத் தண்ணீரில் ஓடவிடுவார். வெள்ளைக்காரக் கேப்டனிடம் படித்ததாம். எட்டாவது படித்தவனுக்குப் பெண்ணா என்று யோசித்தவர், சில முள்ளும் மாதிரிக்கு ஒன்றும் கொடுத்தனுப்பினார். "நூல்ல வேலை பாக்குற பையன்தான? கட்டிட்டு வரட்டும். கையைப் பாத்துச் சொல்லுதேன்."

மாதிரியில் இருந்தது வழுக்கும் நைலான் நூல். மீன் இழுத்து முடிச்சு அவிழ்ந்தால் கல்யாணமும் அவிழ்ந்துவிடுமே என்று, பட்டறையில் வெளுத்து வந்த துணியிலிருந்து நூல் உருவினேன். சுற்றினேன். போதுமா என்று சந்தேகம் வந்தது, இன்னும் சுற்றினேன். மாதிரி ஒரு நெல்மணி என்றால் என்னுடையது எலுமிச்சங்காய். பட்டறை வழக்கப்படி தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். சடக்கென்று முங்கியது. எங்களிடம் அது முதல் தரம். (ரத்தத்தை உறிஞ்சுவதற்கென்றே வெளுத்த நூல். தூண்டிலுக்கு ஆகுமா என்று யோசிக்கவே இல்லை.)

கடற்கரைக்கு அவர், அவர் மனைவி, எஸ்தர், நான். என் பையில் பேண்டேஜ் ரோல்களும் பஞ்சும் டிஞ்சரும் (சும்மா, எதுக்கும் இருக்கட்டுமென்று). அவர் இரண்டு கம்பை வைத்து எது வேணும் என்றார். தடியானதை எடுத்தேன்.

"சுறா வந்துச்சுன்னா?"

எஸ்தர் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அவர் என் கைவேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது மீனா, தேங்காயை முழுங்குன மீனா?"

கயிற்றைப் பின்னால் வீசி, அப்புறம் முன்னால் வீசவேண்டும். முதல் வீச்சு எப்படியோ தண்ணீரில் விழுந்தது. நூல் வயிறு முட்டக் கடலைக் குடித்தது. மறுபடி தூக்கினால் நனைந்த பூனைக்குட்டி கனம். பின்னால் போனது முன்னால் வரவில்லை. சுண்டி இழுத்தேன்.

"மாமா, மாட்டிருச்சு."

"ஆமாலே," என்றார் பின்னாலிருந்து, நிதானமாக. "இழுக்காத."

அதுவரை தம்பி.

மாட்டியிருந்தது அவர் வலது காதில். எஸ்தர் குறடால் முள்முனையை வெட்டி எடுத்தாள்; நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு கட்டுப் போட்டேன். காதை மட்டும் கட்டினால் போதுமா என்று சந்தேகம். தலை, தாடை எல்லாம் சுற்றி, ரோல் தீர்ந்த பிறகுதான் நிறுத்தினேன். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். லாரியா, பஸ்ஸா என்று ஒரு அம்மா விசாரித்தார். அவர் பதில் சொல்லவில்லை. வாயைத் திறக்க முடியாதபடி கட்டியிருந்தேன்.

வீட்டில் கட்டைப் பிரித்ததும், "பயந்தாங்கொள்ளிப் பய, வேண்டாம்" என்றார். நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். நாள் முழுக்கப் பேசாத அவர் மனைவி அப்போதுதான் பேசினார்.

"கடலுக்குப் போனவரைக் கட்டிக்கிட்டு நான் வாசலைப் பாத்தது போதும். இவன் பயந்தவன். எங்கயும் போகமாட்டான். எம்பிள்ள கூடவே கெடப்பான்."

அவர் காதைத் தடவிக்கொண்டார். அவ்வளவுதான், கல்யாணம் முடிவாகிவிட்டது.

நானும் எங்கேயும் போகவில்லை. ஆனால் அந்த வீட்டில் நான் அப்பளத்துக்குக் கை நீட்டினாலும், ஃபேன் போடக் கை தூக்கினாலும், எல்லோரும் வலது காதைப் பொத்திக்கொள்வார்கள். காரணம் தெரியாத பேரப்பிள்ளைகள்கூட. எனக்கு அலுத்துவிட்டது, அவர்களுக்கு அலுக்கவில்லை.

மாமா இறந்த அன்று, பெட்டியில் கிடந்தவருக்கு மாலை போடக் கையைத் தூக்கினேன். அழுதுகொண்டிருந்த அத்தை சட்டென்று அவர் வலது காதை மூடினார்.

எஸ்தர்தான் முதலில் சிரித்தாள்.