மலைலில்லிக்கு வாராந்திர மேற்பார்வை

பூக்களைக் காப்பாற்றவென்றே அவதரித்த அலுவலகம் உலகில் ஒன்று உண்டென்றால், அது எங்கள் மலைலில்லி வளர்ச்சித் துறைதான். நான் அதன் துணை இயக்குநர். பெருமையடிக்காமல் சொல்கிறேன், பெருமையடிக்கத்தான் இயக்குநர் இருக்கிறாரே.

மலைலில்லி, பூண்டுப் பல் அளவே உள்ள கிழங்கு. விதை போட்டுப் பூப் பார்க்க ஆறேழு வருஷம் பிடிக்கும். பனி வேண்டும், வெயில் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அதை யாரும் தொடக் கூடாது. இந்தக் கடைசிச் சங்கதிதான் எங்களுக்கு ஒத்துவரவில்லை. தொடாமல் எப்படி வளர்ச்சியைக் காட்டுவது?

எனவே வாராவாரம் 'வளர்ச்சி ஆய்வு' நடத்தினோம். தொட்டியிலிருந்து கிழங்கைத் தோண்டி, கழுவி, நிறுத்து, படமெடுத்து, மறுபடி புதைத்தோம். எடை குறைந்துகொண்டே போனது. சும்மா விடுவோமா? ஆய்வை வாரம் இரண்டு முறையாக்கினோம்.

அதை விதையிலிருந்து வளர்த்த ஒப்பந்த ஆய்வாளரம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. இந்தப் பருவம் பூக்காவிட்டால் அவர் வேலை போய்விடும். ஒருநாள் கூட்டத்துக்கு நடுவே புகுந்து, மேஜைமேல் ஒரு புகைப்படத்தை வைத்தார். மலைச்சரிவு முழுக்க மஞ்சள் மஞ்சளாய் லில்லி.

"சார், வண்டி போக வழியில்லாத சரிவு இது. யாரும் தொடல, அதான் இப்படிப் பூத்திருக்கு. உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன், என் கிழங்கையும் கொஞ்சம் சும்மா விடுங்க. இந்த வேலைய நம்பித்தான் என் வீடே ஓடுது."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ம துறை இல்லாமலேயா பூக்குது?"

"ஆமா சார்."

"எவ்ளோ நாளா?"

"மலை இருக்கிற நாளா."

"அடப்பாவமே! இத்தனை நாளா யாருமே கண்டுக்கலையா!"

அவர் குரல் தழுதழுத்தது. நானும் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மேலதிகாரி கலங்கும்போது நான் எப்போதும் துடைத்துக்கொள்வேன்.

அங்கேயே உத்தரவு பிறந்தது: சரிவுக்குச் சாலை, உச்சியில் ஆய்வு மாளிகை, கிழங்குக்குக் கிழங்கு நம்பர் பட்டை.

"ஐயோ, நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே!" என்று ஆய்வாளரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

தொட்டிக் கிழங்கு அந்த வாரமே அழுகிப்போனது. பூக்காத குற்றத்துக்காக ஆய்வாளரம்மாவை வீட்டுக்கு அனுப்பினோம். பாடுபட்டுத் தோண்டிய எங்களுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. நியாயமென்றால் இதுவல்லவா நியாயம்!

சாலை போடும் இயந்திரங்கள் மலைக்குக் கிளம்பிவிட்டன. பாவம், இத்தனை காலமும் அந்தப் பூக்கள் கேட்பாரற்றுப் பூத்துக் கிடந்தன. இனி எங்கள் மேற்பார்வையில் முறைப்படி சாகும்.