விளக்கம் அண்ணாச்சியின் டேக்

சங்கரன்கோவிலில் காரணம் சொல்லாமல் தும்மக்கூடத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் விளக்கம் அண்ணாச்சிதான். தும்மிவிட்டு, "சளி இல்ல மக்கா, ஏசிக் காத்து" என்பார். அவருடைய இயற்பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் எங்கள் ஆபீஸ். சென்னைப் பதிப்பகம் ஒன்றின் மருத்துவப் புத்தகங்களை இணையப் பக்கங்களாக மாற்றுவோம். தலைப்பு, அட்டவணை என்று ஒவ்வொன்றுக்கும் போடும் அடையாளக் குறிதான் டேக். எந்த டேக் பக்கத்தில் எப்படித் தெரிய வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் ஸ்டைல்ஷீட்டை எழுதுவது அண்ணாச்சி. கோடிங் நாலு வரி என்றால், நோட்டில் அவர் எழுதிவைக்கும் விளக்கம் நாற்பது வரி இருக்கும்.

பதிப்பகத்து அம்மா திடீரென்று ஒரு நிபந்தனை போட்டார். "யார் பார்த்தாலும் புரியற மாதிரி கோடிங்குள்ளயே விளக்கம் இருக்கணும். இல்லன்னா வேலையை வேற ஊருக்கு மாத்திடுவேன்." வேலை போனால் ஆபீசுக்குப் பூட்டுதான்.

விளக்கத்தை எந்த வடிவில் எழுதுவது என்று பஞ்சாயத்து தொடங்கியது. மேனேஜர் பனவடலிசத்திரத்துக்காரர், எதிலும் சிக்கனம். "சாதா கமெண்ட் போதும் அண்ணாச்சி. கம்ப்யூட்டர் அதைக் கண்டுக்காதுல்லா?"

"மனுசனும் கண்டுக்க மாட்டான் வே! தனி டேக்ல எழுதினா, அதை மட்டும் உருவி ஒரு கையேடே போட்டுறலாம்."

டீக்கடையில்கூட இருவரும் வேறு வேறு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் நடுவில் கிளாசோடு நின்றேன். கடைசியில் அண்ணாச்சி யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் தனி டேக்குக்கு மாற்றிவிட்டார்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். ஸ்டைல்ஷீட்டில், பக்கத்தில் வர வேண்டியதை வார்த்தெடுக்கும் அச்சுதான் டெம்ப்ளேட்; அதற்கு வெளியே இருக்கும் விளக்கத்தைக் கணினி கண்டுகொள்ளாது. உள்ளே வைத்தால், புத்தகத்தில் உள்ளதுதான் என்று நம்பி அப்படியே பக்கத்தில் காட்டிவிடும். ஊருக்கெல்லாம் விளக்குகிறவருக்கு இதை யார் விளக்குவது?

வீடியோ காலில் பதிப்பகத்து அம்மா பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மாத்திரை அட்டவணைக்கு நடுவில் அண்ணாச்சியின் விளக்கம் ஒன்று வந்து நின்றது: "இந்த அட்டவணையை இரண்டாகப் பிரிக்கச் சொல்வார் மேனேஜர். கேட்காதே. போன தடவை பிரித்ததில் தாத்தாவுக்கான அளவு குழந்தையின் வரிக்குப் போய்விட்டது. நல்லவேளை, அனுப்புமுன் பிடித்தேன்."

மேனேஜர் முகம் சுண்டிவிட்டது. அண்ணாச்சி மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, ஒரு சின்ன விளக்கம்..." என்று ஆரம்பித்தார்.

"வேண்டாம் சார், நல்லாவே புரிஞ்சிடுச்சு" என்று அந்த அம்மா சிரித்துவிட்டார். "டேக்கே இருக்கட்டும், டெம்ப்ளேட்டுக்கு வெளியே. வேலையும் உங்க ஊர்லயே இருக்கட்டும்."

அண்ணாச்சி ஓய்வு பெற்றுச் சிவகிரிக்குப் போய்விட்டார். அவர் இல்லாத ஆபீசில் யார் தும்மினாலும் எனக்கு என்னவோ குறைகிறது. போன மாதம் ஃபைல்களைச் சுத்தம் செய்யும்போது மேனேஜரிடம் கேட்டேன்: "இந்த டேக்கையெல்லாம் தூக்கிருவமா சார்? பாதி உங்களைத் திட்டினதுதான்." அழிக்கும் எண்ணம் எனக்கும் இல்லை, சும்மா ஆழம் பார்த்தேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தொடாதேயும் வே. அண்ணாச்சி பேசிட்டு இருக்காருல்லா."