அத்தை கேட்டும் ஆடாத தலை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் தங்கள் மகளும் நலம். தங்கள் நலம் என் மருந்துக்கடைப் பதிவேட்டில் இருக்கிறது. அதைத் தங்களைத் தவிர யாரிடமும் பேச எனக்கு அனுமதியில்லை. வீட்டுத் தொலைபேசியை எப்போதும் அத்தையே எடுப்பதால் அலுவலக முகவரிக்கு எழுதுகிறேன். வெற்றிச் செய்தி.

தங்களுக்குச் சர்க்கரை இருப்பது அத்தைக்குத் தெரியக்கூடாது என்று தாங்கள் கேட்டுக்கொண்டது நியாயமே. ரத்தக் கொதிப்பு என்று தெரிந்த அன்றே தங்கள் தட்டிலிருந்து உப்பை எடுத்தவர்கள், இதுவும் தெரிந்தால் தட்டையே எடுத்துவிடுவார்கள். ஆனால் தாங்கள் மாதாமாதம் என் கடைக்கு வருவதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சொல்லிவிட்டாராம். செவ்வாய்க்கிழமை காலை அத்தை வந்தார்கள். வரிசையில் நின்ற ஏழு பேரைத் தாண்டிக் கவுன்டரில் கைப்பையை வைத்தார்கள்.

“மாப்பிள்ளை, அவருக்கு என்ன வியாதி?”

“அவர் சம்மதம் இல்லாம சொல்லக்கூடாது அத்தை. எழுதி வாங்கிட்டு வாங்க.”

“முப்பத்தொரு வருஷமா அவர் துணியைத் துவைக்கிறேன். அதுக்கு யார்கிட்ட எழுதி வாங்கினேன்?”

வரிசை அத்தை பக்கம் சாய்ந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், “அவங்க கேக்கிறதும் நியாயம்தானே” என்றார். “அப்ப உங்க சீட்டை நான் சத்தமா படிக்கலாமா?” என்று கேட்டேன். அவர் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வரிசை முழுவதும் என் பக்கம் வந்துவிட்டது.

அத்தை தளரவில்லை. “சரி, நீங்க வாயைத் திறக்க வேண்டாம். நான் ஒவ்வொண்ணா சொல்றேன். இருந்தா தலையாட்டுங்க” என்று மூட்டுவலியில் தொடங்கினார்கள். தலையை ஆட்டுவதும் சொல்வதுதான். ஒன்றுக்கு மட்டும் கண்ணைச் சிமிட்டினால் அதுவும் சொல்வதுதான். ஆகவே மூச்சைக்கூட அளந்து விட்டபடி முப்பத்தெட்டு வியாதிகளுக்கும் ஒரே முகத்தோடு நின்றேன். பத்தொன்பதாவதாகச் சர்க்கரை வந்தபோது என் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தது. விரட்டினால் அத்தை அதைப் பதிலாக எடுத்துக்கொள்வார்கள். விரட்டவில்லை. அது மூன்று வியாதிகள் வரை இருந்துவிட்டுத் தானாகப் போயிற்று. எனக்குத்தான் பக்கவாதம் வந்துவிட்டது என்று வரிசையில் ஓர் அம்மாள் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டார். வந்தவர்கள் கண்ணில் டார்ச் அடித்தார்கள். அவர்களிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டு, “உங்ககிட்ட ஒண்ணு சொன்னா வெளிய போகாது, மாப்பிள்ளை” என்றார்கள். எதிரியின் வாயால் கிடைத்த பட்டம். அதோடு நில்லாமல், குரலைத் தாழ்த்தித் தம்முடைய சொந்த விஷயம் ஒன்றையும் என்னிடம் ஒப்படைத்தார்கள். அது என்ன என்று கேட்காதீர்கள். சொல்ல அவர்கள் சம்மதம் இல்லை. ஆக, இந்தக் குடும்பத்தில் இருவருடைய நம்பிக்கையும் இப்போது என் அலமாரியில் பூட்டியிருக்கிறது. தாங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

தங்கள் ஆசியும் ஆரோக்கியமும் நீடிக்க வேண்டும் என்று விரும்பும்,
வாய் திறவாத மருமகன்.

பி.கு.: இதை எழுதி முடித்த உற்சாகத்தில், தங்களுடைய இந்த மாதத்துச் சர்க்கரை மாத்திரைகளைத் தங்கள் அலுவலகத்துக்கும், அத்தையுடையதை அவர்களுடைய தையல் வகுப்புக்கும் கூரியரில் அனுப்பினேன். விலாசம் மாறிவிட்டது. தங்கள் பெயர் ஒட்டிய டப்பாவை அத்தை கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்களாம். பயப்பட ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே மாத்திரை, ஒரே அளவு. அவரவர் கையில் இருப்பதையே சாப்பிடலாம்.