விழக்கூடாத தடைகள்

உலக இளையோர் தடகளப் போட்டியை நம் ஊரில் நடத்துவதென்று முடிவாயிற்று. முடிவான அன்றே அதற்கு ஒரு தலைவரையும் போட்டுவிட்டார்கள். அவர் அதுவரை குடிநீர்த் துறையில் இருந்தவர். அங்கே இருந்தவரை ஒரு குழாயும் கசிந்ததில்லை என்று பெயர் வாங்கியவர். தண்ணீர் வந்தால்தானே கசிவதற்கு!

ஒத்திகை நாளில் பையன்களுக்கான தடை ஓட்டத்தைத் தலைவர் மேடையில் அமர்ந்து கண்டுகளித்தார். அதாவது, முதல் தடை விழும்வரை கண்டுகளித்தார். இரண்டாவது விழுந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓட்டம் முடிந்தபோது பாதை நெடுகத் தடைகள் குப்புறக் கிடந்தன. இதற்கெல்லாம் யார் பொறுப்பு என்று கேட்டார்.

ஸ்டோர்க்காரரைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். தடைகளைத் துடைத்து, உயரம் சரிபார்த்து, பாதையில் கொண்டுபோய் வைப்பது அவர் வேலை. பாவம், மனுஷன் உள்ளதைச் சொல்லித் தொலைத்தார்.

"ஐயா, கால் பட்டா விழணும்னுதான் இதைச் செஞ்சிருக்காங்க. விழலைன்னா பையன் கால் உடையும்."

தலைவர் நிதானமாகக் கேட்டார். "அப்போ விழும்னு தெரிஞ்சேதான் வாங்கியிருக்கீங்க. அரசாங்கப் பணத்துல."

"ஆமாங்கய்யா."

ஒத்துக்கொண்டார், குறித்துக்கொள்ளுங்கள் என்றார் தலைவர்.

உடனே குழு கூடியது. அயல்நாட்டு விருந்தினர் கண்ணெதிரே நம் பொருள் ஒன்று கீழே விழுவது நாட்டின் மாண்புக்கே இழுக்கு என்று ஒருமனதாக முடிவெடுத்து, தடைகளின் காலைத் தரையோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த நடுவர் ஒரு தடையைத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. தடை விழாவிட்டால் ஓட்டமே கிடையாது என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

குழு மறுபடி கூடியது. இந்த முறை எடுத்த முடிவு வரலாற்றில் இடம்பெறத் தக்கது. 'தடைகள் விழக்கூடிய நிலையில் இருக்கலாம். ஆனால் விழக்கூடாது. விழாமல் பார்த்துக்கொள்ளும் முழுப் பொறுப்பும் ஸ்டோர்க்காரரையே சாரும். தவறினால் பணிநீக்கம்.'

இது வெளியே தெரிந்ததும் ஊரே கிளம்பிவிட்டது. 'வீழ்ச்சியில்லா விளையாட்டு' என்று ஓர் இயக்கம். அதற்கு ஒரு பனியன், ஒரு தொப்பி, பள்ளிக்கூடங்களில் உறுதிமொழி. கடைவீதியில் அட்டையில் தடை செய்து வைத்தார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள. என் மச்சினன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்று படம் போட்டான். அவன் வாசற்படி தாண்டவே மூச்சு வாங்குகிறவன்.

இதில் ஒரு சங்கடம். அந்த ஓட்டத்துக்கு நம் தரப்பில் தேர்வாகியிருந்தவன் ஸ்டோர்க்காரரின் மகன். அவன் ஓட்டமே ஒரு தினுசு. உயரமாகத் தாண்டி நேரத்தை வீணாக்க மாட்டான். தடையை ஒட்டியே பறப்பான், ரெண்டு மூணை இடித்துத் தள்ளுவான், முதலில் வந்து நிற்பான். வேண்டுமென்றே தள்ளாதவரை விதிப்படி அது குற்றமும் இல்லை. அடுத்த மாதம் அவனுக்குப் பதினெட்டு முடிகிறது. ஜெயித்தால் வெளிநாட்டில் பெரிய பயிற்சிப் பள்ளியில் இடம் நிச்சயம், விட்டால் இளையோர் போட்டிக்கே அவன் இனி வர முடியாது.

போட்டியன்று காலை ஸ்டோரில் வைத்து அப்பா அவனிடம் சொன்னார். "மத்த பசங்க எப்படியும் தள்ளிவிடத்தான் போறாங்க. என் வேலை போனது போனதுதான். நீ என்னைப் பாக்காதே, எப்பவும் போல இடிச்சுட்டே ஓடு."

சரிப்பா என்றான். பிள்ளைகள் சரி என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று பெற்றவர்களுக்கு எப்போது தெரிந்திருக்கிறது?

துப்பாக்கி வெடித்தது. மற்ற பாதைகளில் தடைகள் தடதடவென்று சரிந்தன. நம்ம பையன் மட்டும், புதுச் செருப்போடு சேறு தாண்டுகிறவன் மாதிரி, ஒவ்வொன்றையும் உயரத் தாண்டிப் பத்திரமாக இறங்கினான். கடைசியில் வந்தான். அவன் பாதையில் ஒரு தடைகூட விழவில்லை.

அடேயப்பா, அரங்கமே எழுந்து நின்றது. முதலில் வந்தவனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தலைவர் இறங்கிவந்து பையனின் கையைக் குலுக்கினார். ஸ்டோர்க்காரர் ஓரமாக நின்று தேம்பித் தேம்பி அழுதார். பெருமையில் அழுகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள். மகன் வியர்வையோடு அவரிடம் வந்தான்.

"ஒண்ணுகூட விழலப்பா."

"அதுக்காடா இத்தனை வருஷம் ஓடினே?" என்றார் அவர்.

அடுத்த வாரம் விசாரணை நடந்தது. ஒரு பாதையில் தடைகள் அனைத்தும் நின்றிருப்பதால், அவை விழாமல் நிற்கக்கூடியவை என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது என்றும், எனவே ஏனைய பாதைகளில் அவை விழுந்தது ஸ்டோர்க்காரரின் அலட்சியமே என்றும் குழு கண்டறிந்தது. சொந்த மகன் பாதையை மட்டும் கவனித்துக்கொண்டார் என்று பாரபட்சக் குற்றத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். வேலை போயிற்று.

ஸ்டோர்க்காரர் கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டார். "ஓடுற பசங்க தள்ளினதுக்கு நான் என்னய்யா பண்ணுவேன்? தடை விழாம ஓடுறதுதான் சரின்னு யாரு சொன்னது?"

தலைவர் ஆச்சரியத்தோடு அவரைப் பார்த்தார். "ஊரே எழுந்து நின்னு கைதட்டிச்சே, நீங்க பாக்கலையா?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். கை சிவக்கச் சிவக்கத் தட்டினேன்.