நடைக்கூடத் தரை மேன்மைக் குழுவின் பத்தொன்பது பூச்சு

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்து காலை நீட்டி உட்காருங்கள். இன்றைக்கு ஒரு மகத்தான குழுவின் கதையைச் சொல்லப்போகிறேன். மனித குலம் எத்தனையோ குழுக்களைக் கண்டிருக்கிறது. கடலை அளந்த குழு உண்டு, மலையைக் குடைந்த குழு உண்டு. ஆனால் நாற்பதடி நீளத் தரை ஒன்றைக் கவனிப்பதற்கென்றே பிறந்து, பத்தொன்பது வருஷம் ஒரு தடவைகூடக் குனிந்து அதைப் பார்க்காத குழு ஒன்றே ஒன்றுதான் உண்டு. 'நடைக்கூடத் தரை மேன்மைக் குழு' என்று அதற்குப் பெயர். அப்பேர்ப்பட்ட தவம் வேறு யாருக்கும் கைகூடாது.

அது நான்கு மாடிக் கட்டடம். தெருக்கதவிலிருந்து மாடிப்படி வரைக்கும் நீண்ட நடைக்கூடம். தரை முழுக்கப் பூப்போட்ட பழங்காலத்து டைல்ஸ். என்ன பூ, என்ன நிறம் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. மொத்தத் தரையும் பிழிந்து போட்ட தேயிலைச் சக்கையின் நிறத்தில் இருந்தது.

அதைத் துடைத்தவள் அக்கா. அறுபதைத் தாண்டிய குழுத் தலைவரும் அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். நாற்பத்தாறு வயதுக்காரி அதையும் பொறுத்துக்கொண்டாள். காலையில் இரண்டு வாளி, மத்தியானம் ஒரு வாளி, பதினேழு வருஷம். மாடிப்படிக்குக் கீழே, சாய்ந்த கூரையோடு ஓர் அறை. அதில் அவளும் நர்சிங் படிக்கிற மகளும் இருந்தார்கள். வேலை இருக்கும்வரைதான் அறை.

குழுவின் ஆண்டுப் பொதுக்கூட்டம் அந்த நடைக்கூடத்தில்தான் நடக்கும். காலை பத்து மணிக்கு, ஒரு நிமிஷம் முன்பின் கிடையாது. எட்டு மணிக்கு நாற்காலிகளைத் தரதரவென்று இழுத்துப் போடுவார்கள். ஒன்பதரைக்குச் செயலாளர் தன் பொற்கரத்தால் பாலிஷ் டப்பாவைத் திறந்து, நீளக் கம்புத் துணியால் நின்றபடியே பூசி முடிப்பார்.

"ஐயா, நாற்காலி இழுத்த மண்ணு அப்படியே கிடக்கு. ஒரு தடவை துடைச்சிடறேன். பூசின பிறகு ஒரு நாள் காயவிடுங்க" என்பாள் அக்கா, வருஷா வருஷம்.

"அக்கா, கூட்டம் பத்து மணிக்கு."

"ஈரத்துல மிதிச்சா செருப்பு மண்ணெல்லாம் ஒட்டிக்குமேய்யா."

"ஒட்டட்டுமே! மேல பளபளன்னு இருக்கா, இல்லையா?"

பளபளவென்றுதான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஏழு உறுப்பினர்களும் தெருச் செருப்போடு அந்தப் பளபளப்பின் மேல் நடந்து வருவார்கள். 'தூய்மையே நம் மூச்சு' என்று ஒருமனதாகத் தீர்மானம் போடுவார்கள். மூச்சு விட்டுக்கொண்டே கலைந்து போவார்கள்.

இந்த வருஷம் மூன்றாம் மாடிக்கு ஒரு டீச்சர் புதிதாகக் குடிவந்தார். விவரம் தெரியாதவர். "தரை ஏன் இவ்வளவு கறுப்பா இருக்கு?" என்று கேட்டுவிட்டார்.

குழு அதிர்ந்தது. மூன்று அவசர அமர்வுகள் கூடின. வாடகைக்கு இருப்பவர் கேட்ட கேள்வி செல்லுமா என்பதை ஆராய்வதிலேயே முதல் அமர்வு முடிந்தது. தரை உண்மையிலேயே கறுப்பா, அல்லது பார்ப்பவரின் கண் அப்படியா என்று இரண்டாவது அமர்வு ஆராய்ந்தது. மூன்றாவதில் உண்மை வெளிவந்தது: 'துடைப்பவரின் தொடர் மெத்தனம்.' அக்காவின் கைக்கு நோட்டீஸ் வந்தது. பொதுக்கூட்ட நாளன்று காலை பத்து மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும்.

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மத்தியான வாளியை எடுத்தாள். பதினேழு வருஷம் குனிந்த முதுகு அன்றைக்குத்தான் வலித்தது.

மெத்தனத்தை எழுத்தில் உறுதிசெய்யவும், அப்படியே தரையை மீட்கவும் 'கல்லு டாக்டர்' வரவழைக்கப்பட்டார். பழைய தரைகளைச் சீர்செய்வதுதான் அவர் தொழில். வந்ததும் முழங்காலில் பஞ்சுப் பட்டையைக் கட்டிக்கொண்டு கதவு மூலையில் மண்டியிட்டார். அந்தத் தரைக்கு முன்னால் குழுவின் சார்பில் ஓர் ஆள் குனிந்தது அதுவே முதல் தடவை.

"எதுக்குய்யா இவ்வளவு நேரம்? ஆசிட் ஊத்துங்க, அஞ்சு நிமிஷ வேலை" என்றார் செயலாளர்.

"ஊத்தலாம். அழுக்கு போகும், கூடவே பூவும் போகும். அப்புறம் சிமெண்டைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கணும்."

மருந்தைத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, தட்டைக் கத்தியால் நெம்பினார். நகத்தை விடத் தடிமனாக ஒரு பொருக்கு பெயர்ந்து வந்தது. அடியில் பால் வெள்ளை. அதன்மேல் நீலத்தில் நான்கிதழ்ப் பூ. அக்கா வாயில் கைவைத்துக்கொண்டாள்.

டாக்டர் பொருக்கைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தார். "பாலிஷ், மண்ணு, பாலிஷ், மண்ணு... மொத்தம் பத்தொன்பது பூச்சு. உச்சிப் பூச்சு மேல விரலை வெச்சா தூசி ஒட்டல. தினமும் யாரோ ஒழுங்கா துடைச்சிருக்காங்க. அழுக்கு பூராவும் பூச்சுக்கு நடுவுலதான். இது வருஷம் பூரா சேர்ந்த அழுக்கு இல்லைங்க. வருஷத்துக்கு ஒரு நாள் அழுக்கு."

தலைவர் கனைத்தார். "இது தொழில்நுட்பக் கருத்து. குறிச்சுக்கிட்டோம்."

அக்கா முன்னால் வந்தாள். "அப்போ அழுக்கு என்னோடது இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கய்யா."

"அது எப்படிக்கா? உன்னோடது இல்லன்னா யாரோடதுன்னு கேப்பாங்க. யாரோடதுன்னு எழுதாம, உன்னோடது இல்லன்னு மட்டும் எழுத முடியுமா?"

"நோட்டீஸையாவது திரும்ப வாங்கிக்குங்க."

செயலாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "நோட்டீஸ் குடுக்க விதி இருக்கு. திரும்ப வாங்க விதி இல்லையே." சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. விதியை அவ்வளவு நேசித்தவர்.

பன்னிரண்டு நாள் வேலை. டாக்டர் மருந்து தடவித் தேய்க்க, அக்கா பின்னாலேயே வந்து கறுப்புத் தண்ணீரை ஒற்றி எடுத்தாள். வேண்டாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். "நான் துடைச்ச தரைண்ணே. அதோட முகத்தைப் பார்த்துட்டுப் போறேன்" என்றாள். கட்டம் கட்டமாகப் பூக்கள் எழுந்தன. ஓரத்தில் செங்கல் சிவப்பில் ஒரு கரை. துணியை அவள் பிழிகிற விதத்தை டாக்டர் கவனித்துக்கொண்டே இருந்தார்.

"என் பட்டறைக்கு மேல ஒரு ரூம் சும்மா கிடக்கும்மா. எனக்கும் கூடமாட ஒரு வேலை தெரிஞ்ச கை வேணும்."

"அந்த ரூம்ல நிமிர்ந்து நிக்கலாமாண்ணே?"

"தாராளமா."

பொதுக்கூட்ட நாள் விடியற்காலையில் கடைசி மேல்பூச்சு முடிந்தது. இருபத்து நான்கு மணி நேரம் யாரும் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கதவில் ஒட்டினார். மாடிக்காரர்களுக்குப் பின்பக்கம் இரும்புப் படி இருந்தது. அக்காவின் அறைக்கு நடைக்கூடத்தை விட்டால் வழியில்லை. மகளை முந்தின நாளே புது அறைக்கு அனுப்பிவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரோடு தன் அறை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

மணி பத்து. தெருக்கதவு திறந்தது. குழு ஏழு பேரோடு எழுந்தருளியது.

"அக்கா, மணி பத்தாச்சு. வெளிய வா" என்று அங்கிருந்தே கத்தினார் செயலாளர்.

"போகத் தயார்தான்யா. தரை ஈரமா இருக்கே."

"நோட்டீஸ் பத்து மணின்னு சொல்லுது!"

"நோட்டீஸுக்குக் காலு இல்ல, அது சொல்லும். எனக்குக் காலு இருக்கே. நாளைக்கு வரேன்."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். கடமை அழைத்தது. "அவங்க வெளிய வரலன்னா, நாம உள்ள போய் வெளியேத்துவோம்."

போனார்கள், கண்ணுகளா. ஏழு ஜோடிச் செருப்பு, தெரு மண்ணோடு, சளக் சளக்கென்று நாற்பதடி. அவள் கையில் 'இறுதி அறிவிப்பை'க் கொடுத்தார்கள்.

"வந்துட்டீங்க, சரி. எப்படித் திரும்பிப் போவீங்க?" என்று கேட்டாள் அக்கா.

வந்த வழியேதான் போனார்கள். போகிற போக்கில் கூட்டத்தையும் அங்கேயே, நின்றபடியே நடத்தி, தரை மீட்புக்காகத் தங்களுக்குத் தாங்களே நன்றி தெரிவித்துக்கொண்டார்கள்.

அக்கா மறுநாள் காலை, பூச்சு இறுகிய பிறகு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்து போனாள். அவள் போன தடம் தரையில் எங்கும் இல்லை.

மற்றவர்களுடையது இருக்கிறது. கண்ணாடி மாதிரித் தெளிந்த பூச்சுக்குள்ளே, வெள்ளைமேல் நீலப் பூக்களை மிதித்தபடி, குதிகால் தேய்மானம்கூடத் தெரிகிற மாதிரி, போகிற வரிசை ஏழு, வருகிற வரிசை ஏழு. "யார் இப்படிப் பண்ணினது?" என்று டீச்சர் மறுபடியும் கேட்டார். குழு மறுபடியும் மூன்று அமர்வு கூடியது. இந்த முறை ஆதாரம் கண்ணெதிரே இருந்ததால் முடிவெடுப்பதில் சிரமமே இருக்கவில்லை. அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த புதுத் துடைப்பக்காரிக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள்.

நீங்கள் நன்றாயிருங்கள் கண்ணுகளா. உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும், வாசலில் நல்ல கால்கள் வந்துபோகட்டும். தரையில் கறை விழுந்தால் குனிந்து பார்த்து, "இது என் கால்தான்" என்று சொல்கிற ஒரு வாயாவது உங்கள் குடும்பத்தில் இருக்கட்டும்.