தசமப்புள்ளியாரும் சமர்த்துக் குழந்தையும்

தசமப்புள்ளியாரை உங்களுக்குத் தெரியும். "சுமாராக" என்று யாராவது சொன்னால் மூஞ்சியைச் சுளிப்பாரே, மணி கேட்டால் நொடியோடு சேர்த்துச் சொல்வாரே, அவரேதான். நான் பார்த்தவர் மருத்துவமனையில் முகத்தையும் தலையையும் முப்பரிமாணப் படமெடுத்து அளப்பவர். பத்துக் கேமராக்கள் ஒரே நேரத்தில் மின்னும், தலை திரையில் வந்து சுழலும், காலிபரை எடுத்து நிஜத் தலையையும் அளப்பார், இரண்டுக்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்குள் வந்தால்தான் மனிதருக்கு மூச்சே வரும்.

அவரிடம் ஒரு தம்பதி ஆறு மாத இரட்டைப் பையன்களோடு வந்தார்கள். மூத்தவனுக்குப் பின்மண்டை ஒரு பக்கம் தட்டை. மண்டை இறுகுவதற்குள் அதை உருண்டையாக்கும் தலைக்கவசம் மாட்ட வேண்டுமா, வேண்டாமா? இந்தக் கவலையில் தாய்க்குப் பல நாளாகத் தூக்கமே இல்லை.

"கை வச்சாலே சப்பையா தெரியுது சார்."

"கை ஏமாத்தும்மா. கேமரா ஏமாத்தாது."

அவளை விண்ணப்பம் நிரப்ப அனுப்பிவிட்டுச் சட்டங்களை அடுக்கினார். முடி தெரிந்தால் அளவு கெடும், குல்லாய் போடு. வாயைத் திறந்தால் முகம் நீளும், அழாதே. அசைந்தால் படம் கலங்கும், அசையாதே. ஆறு மாதக் குழந்தை கேட்குமா? கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது.

"அசையாத குழந்தையா கொண்டுவாங்க" என்று அப்பாவை வெளியே விரட்டினார்.

அப்பா ஐந்தே நிமிடத்தில் திரும்பினார். கையில் குல்லாய் போட்ட குழந்தை, கல்லாட்டம். தசமப்புள்ளியார் பூரித்துப்போனார். மூன்று முறை படம், மூன்று முறை காலிபர், வித்தியாசம் பூஜ்யம் புள்ளி மூன்று. அதற்குள் தாயும் வந்துவிட்டாள்.

"தலை அம்சமா இருக்கு. கவசமே வேண்டாம்மா."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளையை வாரி எடுத்துக் குல்லாயைக் கழற்றிப் பின்மண்டையைத் தடவினாள். கை பாதியில் நின்றது.

"சார், இவன் சின்னவன்."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். "பெரியவன் அடங்கவே இல்ல. வெளிய தள்ளுவண்டியில இவன் சமத்தா இருந்தான். ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சிதானே?"

தசமப்புள்ளியார் அசந்துவிடுவாரா என்ன? திரையை இன்னொரு தரம் உற்றுப் பார்த்தார். "அளவு சரிதாம்மா. குழந்தைதான் தப்பு."

மூத்தவன் கத்தி ஓய்ந்தபிறகு அவள் தன் மடியிலேயே வைத்து மறுபடி படம் எடுக்க வைத்தாள். கவசம் கட்டாயம் வேண்டும் என்று வந்தது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டில் ஒருவர் "உடம்பு என்னமோ பண்ணுது" என்று முனகியபோது, தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து "நார்மல்தான், எழுந்து வேலையைப் பாரு" என்றீர்களாமே. அவர் முகத்தை ஒரு தடவையாவது ஏறிட்டுப் பார்த்தீர்களா?