இறந்தவர்களுக்கு டோக்கன்

இறந்துபோன நாலு பேரை ஒரே மதியத்தில் டாக்டரிடம் அனுப்பிவைக்கப் பார்த்தவன் நான். அவர்களில் ஒருவர் எழுந்து உள்ளேயும் போனார். அதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்து ஒன்பது, மழைக்காலம். மேற்குத் தாம்பரத்தில் தனசேகர் சார் நடத்திய மாடிக் கம்பெனியில் எனக்கு வேலை. சின்னக் கடைகள், கிளினிக்குகளின் கம்ப்யூட்டர்களை எங்கள் சர்வருக்குள் விர்ச்சுவல் மெஷின்களாக ஓட்டுவோம். ஒரே பெட்டிக்குள் பத்துக் கம்ப்யூட்டர்கள் குடியிருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் பிரதியைத் துண்டு துண்டாக நறுக்கி, வெளிமாநிலச் சேமிப்பகம் ஒன்றுக்கு தினமும் அனுப்பிவிடுவோம். (இதற்கு கிளவுட் என்று பேர். சார் அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் கையை வானத்துக்குக் காட்டுவார்.) அனுப்புவதில் சிரமமில்லை. ஒரு மெஷின் பழுதானால் அதன் பிரதியைத் திரும்பக் கொண்டுவர நாலு மணி நேரமாகும். வாடிக்கையாளர்கள் அந்த நாலு மணி நேரமும் போனில் திட்டுவார்கள்.

இருபத்து மூன்று வயது மேதையான நான் இதற்கு வழி கண்டுபிடித்தேன். ஒருமுறை கொண்டுவந்த துண்டுகளை ஆபீஸிலேயே ஒரு டிஸ்க்கில் வைத்துக்கொள்வது. அடுத்தமுறை அதே துண்டு தேவைப்பட்டால் பக்கத்திலிருந்தே எடுத்துவிடலாம். இதுவரை தப்பில்லை. அதே துண்டுதானா என்று தெரிந்துகொள்ள, துண்டு முழுவதையும் படித்து அதற்கொரு அடையாளக் குறி போட வேண்டும். அதற்கு நேரமாகிறதே என்று, நான் தொடக்கத்தை மட்டும் படித்துக் குறி போட்டேன். நாலு மணி நேரம் இருபது நிமிஷமாகச் சுருங்கியது. சார் தோளில் தட்டினார். அன்று அம்மாவுக்கு இரண்டு தடவை போன் செய்தேன்.

நான் சொல்லவந்த அந்த நாள் காலையில், ராஜகீழ்ப்பாக்கத்தில் போஸ்டர் அச்சடிக்கும் கடை ஒன்றின் மெஷினை வைத்து என் வித்தையைச் சோதித்துப் பார்த்தேன். மதியம், செம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கமிருந்த சர்க்கரை நோய் கிளினிக்கின் மெஷின் நிஜமாகவே படுத்துவிட்டது. பதினெட்டு நிமிஷத்தில் எழுப்பினேன். போனில் சொல்லி முடித்திருக்கலாம். பாராட்டை நேரில் வாங்கிக்கொள்ள ஆசைப்பட்டு, மழையில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மூன்று மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. கிளினிக்கில் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரில் ஒரு டியூப்லைட்டும், ரிசப்ஷன், டாக்டர் அறைக் கம்ப்யூட்டர்களும் மட்டும் உயிரோடிருந்தன. பெஞ்சுகளில் இருபது பேர், ஈரக் குடைகளோடு. ரிசப்ஷனில் இருந்த கவிதா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரையிலிருந்த முதல் பெயரைக் கூப்பிட்டாள்.

"ராஜம்மாள், எண்பத்திரண்டு."

யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பெஞ்சின் கோடியிலிருந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த பெயர் சின்னராஜ், எழுபத்தொன்பது. அதற்கும் யாரும் எழவில்லை. மூன்றாவதாக ஏழுமலை, அறுபத்தாறு, என்றாள்.

ஓர் அம்மாள் எழுந்தார். கன்னியம்மா என்று பேர், ஏரிக்கரை முக்கில் மீன் விற்பவர் என்று பிறகு தெரிந்தது. மேஜை வரைக்கும் வந்து நின்றார்.

"நீங்க இல்லம்மா, ஏழுமலை. அவர் வந்திருக்காரா?" என்று கேட்டாள் கவிதா.

"அவரு எங்க வூட்டுக்காரரு. போன மாசம் தவறிட்டாரு."

கோடியிலிருந்த பெண்களில் ஒருத்தி, ராஜம்மாளும் எங்கள் தெருதான், போய் இருபது நாளாகிறது என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். சொல்லிவிட்டு வாசலுக்கு வெளியே கையைக் காட்டினாள். எதிர்ச்சுவரில் ஒரு போஸ்டர். அதில் ஒரு கிழவியின் முகம், மழையில் ஊறி, கிளினிக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. (கம்ப்யூட்டர் படித்தவன் நான். ஆனாலும் சட்டைக்குள்ளிருந்த தாயத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.)

வேலையை நிறுத்தவும் பயம் போல, கவிதா நாலாவது பெயரையும் படித்துவிட்டாள்: குப்புசாமி, எழுபத்தொன்று.

மூலையிலிருந்து ஒரு பெரியவர் மெதுவாக எழுந்தார்.

இருபது பேரும் கால்களை மடக்கி அவருக்கு வழிவிட்டார்கள். அவ்வளவு மரியாதையான வழியை எந்த ஆஸ்பத்திரியிலும் நான் பார்த்ததில்லை. அவர் நடுவில் நின்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு அப்டி பாக்குறீங்க? எனக்கு அறுபத்தெட்டுதான் ஆவுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இரண்டு நிமிஷத்தில் டாக்டர் வெளியே வந்தார். இவருடைய குறிப்பில் 'கலர், பெரிய சைஸ், ஐம்பது' என்று இருக்கிறதே, இது எந்த மாத்திரை, ஐம்பது மில்லிகிராமா என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. போஸ்டர் கடைக்கும் கிளினிக்குக்கும் மென்பொருள் எழுதிக்கொடுத்தவர் ஒரே ஆள். இரண்டிலும் பெயர்ப்பட்டியல் ஒரே மாதிரிதான் தொடங்கும். தொடக்கத்தை மட்டும் பார்த்த என் மேதைமை, நோயாளிகளின் பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில், காலையில் வந்த கண்ணீர் அஞ்சலிப் பட்டியலைக் கொண்டுவந்து வைத்திருந்தது. எழுந்து உள்ளே போனவர் அதே பெயருள்ள நோயாளி.

டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கேட்காமல் எழுதிக்கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் கேட்டார். சாருக்குப் போன் செய்தேன். மூலப் பிரதி தூரத்தில் பத்திரமாகவே இருந்தது. ஆபீஸ் டிஸ்க்கை ஒதுக்கிவிட்டு, பழைய முறையில், நாலு மணி நேரத்தில் கொண்டுவர ஏற்பாடானது. அதுவரைக்கும் துண்டுச்சீட்டில் பெயர் எழுதிக் கூப்பிடலாம் என்றார் டாக்டர்.

கவிதா கம்ப்யூட்டரை அணைக்கப் போனாள். கன்னியம்மா இன்னும் மேஜையை விட்டு நகரவில்லை.

"அதை மூடறதுக்கு முன்ன, அவரை இன்னொரு தபா கூப்புடும்மா."

கவிதா என்னைப் பார்த்தாள். அவள் சத்தமாக, நிதானமாக, "ஏழுமலை, அறுபத்தாறு," என்றாள். கன்னியம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நானும் பார்த்தேன். பிறகு அவர், "சரி, எழுதும்மா, கன்னியம்மா," என்று தன் பெயரைக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அடுத்த ஆறு மாதம் சார் என்னை எதையும் வேகப்படுத்த விடவில்லை. மீட்ட ஒவ்வொரு மெஷினையும் வரிவரியாகப் படித்துக் கையெழுத்துப் போட வைத்தார். வீட்டில் தண்டனைக்கு முடிவே இல்லை. எந்தப் பட்டியலை நான் கொண்டுவந்தாலும் ஒவ்வொரு பெயருக்கும் என் அக்கா, "இவரு இருக்காரா?" என்று கேட்பாள். அவள் பெண்ணின் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பெயர்களை சென்ற வருஷம் என் லேப்டாப்பிலிருந்து படித்தபோதும் கேட்டுக்கொண்டே வந்தாள், எல்லோரும் சிரித்துக்கொண்டே இருந்தோம். பொழிச்சலூர் பெரியப்பா பெயர் வந்தது.

"இருக்காரா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் போய் எட்டு மாதமாகியிருந்தது. என் பட்டியல்தான் பழசு.

"எடுத்துடட்டுமா?" என்றேன்.

"வேணாம், இருக்கட்டும்," என்றாள் அக்கா. அவர் பெயரிலேயே பத்திரிகை அனுப்பினோம். பெரியம்மா வந்திருந்தார்.